631-ஆம் போர்ட் பிறந்த கதை

லினக்ஸ் கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்து ‘லோக்கல்ஹோஸ்ட்’, ஒரு முக்காற்புள்ளி, 631 என்று அடித்தால், பிரிண்டர்களைச் சேர்க்கவும் நீக்கவும் ஒரு பக்கம் வரும். பல விநியோகங்களில் இன்றும் அப்படித்தான். பிரிண்டருக்கும் பிரவுசருக்கும் இந்த உறவு ஏற்பட்டது 1990-களின் பிற்பாதியில். அதன் அருமை தெரிய வேண்டுமானால், அதற்கு முன்னால் யூனிக்ஸில் நெட்வொர்க் வழியாக அச்சிடுவது எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும்.

அன்றைக்கு ஆட்சி செய்தது எல்பிடி என்ற அச்சு நிரல். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வளர்ந்த பிஎஸ்டி யூனிக்ஸின் பிள்ளை அது. 1983-இல் வந்த 4.2 பிஎஸ்டி, ஒரு மெஷினில் கொடுத்த வேலையை இன்னொரு மெஷினில் இருக்கும் பிரிண்டருக்கு அனுப்பியது. அதற்கான அமைப்பெல்லாம் பிரிண்ட்கேப் என்ற ஒரே கோப்பில். இரண்டெழுத்துக் குறிகள்: ‘ஆர்எம்’ என்றால் எந்த மெஷின், ‘ஆர்பி’ என்றால் அங்கே எந்த பிரிண்டர், ‘எஸ்டி’ என்றால் வேலைகள் காத்திருக்கும் அடைவு. ‘எம்எக்ஸ்’ கோப்பின் அளவுக்கு உச்சவரம்பு. அதைப் பூஜ்யமாக்க மறந்தால் பெரிய படம் எதுவும் முழுசாகப் போய்ச் சேராது. வரி முடிவில் போடும் பின்சாய்வுக் கோட்டுக்கு அப்புறம் கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளி விழுந்தாலும் போதும், அடுத்த வரி அறுந்துவிடும்.

வேலை ஒவ்வொன்றும் இரண்டு கோப்புகளாகப் போகும். ஒன்று அச்சாக வேண்டிய விஷயம். மற்றது கட்டுப்பாட்டுக் கோப்பு. அதில் ஒவ்வொரு வரியும் ஓர் எழுத்தில் தொடங்கும். ‘எச்’ அனுப்பிய கம்ப்யூட்டர், ‘பி’ அனுப்பிய ஆள், ‘ஜே’ வேலையின் பெயர். ஃபோர்ட்ரான் நிரலின் வெளியீட்டுக்கு ஓர் எழுத்து, டிராஃபுக்கு ஒன்று, டெக் தரும் டிவிஐ கோப்புக்கு ஒன்று. ‘இரண்டு பக்கமும் அடி’, ‘ஏ4 தாளில் அடி’, ‘வண்ணத்தில் அடி’ என்று சொல்ல எழுத்தே இல்லை. மூன்று பிரதி வேண்டுமென்றால் ஒரே வரியை மூன்று தடவை எழுதி அனுப்பினார்கள். வரி வரியாக எழுத்து அடிக்கும் இயந்திரத்துக்கு அது போதும். லேசர் பிரிண்டர் வந்தபின் போதவில்லை.

1990 ஆகஸ்டில் இந்த நடைமுறையை ஆர்எஃப்சி 1179 என்ற ஆவணமாக எழுதிவைத்தார்கள். வேலை அனுப்புகிறவர் 721 முதல் 731 வரையிலான போர்ட்களிலிருந்துதான் பேச வேண்டும் என்றது அது. 1024-க்குக் கீழுள்ள போர்ட்களை யூனிக்ஸில் ரூட் என்ற நிர்வாகி மட்டுமே திறக்க முடியும் என்பதால், வருகிறவர் நம்பத்தக்கவர் என்று எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அவை மொத்தம் 11 போர்ட்கள்தான். ஓர் இணைப்பு முடிந்த பிறகும் டிசிபி அந்த போர்ட்டைக் கொஞ்ச நேரம் பிடித்துவைத்திருக்கும். ஆகவே ஆவணத்தை எழுத்துக்கு எழுத்து பின்பற்றிய கம்ப்யூட்டர், அடுத்தடுத்து 11 வேலைகளை அனுப்பிவிட்டு, பிரிண்டர் சும்மா இருக்கும்போதே காத்து நிற்கும்.

இதைவிடப் பெரிய குறை, பிரிண்டரிடம் எதையும் கேட்க முடியாதது. வரிசையில் எந்த வேலைகள் நிற்கின்றன என்று கேட்கலாம். பதில் என்ன வடிவில் வர வேண்டும் என்று விதியில்லை; ஆளுக்கொரு விதமாக வரும். உன்னிடம் என்ன தாள் இருக்கிறது, இருபக்கமும் அடிப்பாயா என்று விசாரிக்க வழி கிடையாது. தபால் பெட்டியில் கடிதம் போட்டுவிட்டு வருவது போலத்தான். இன்னொரு பக்கம் ஏடி அண்ட் டியின் சிஸ்டம் ஃபைவ், ‘எல்பி’ என்று தனிக் கட்டளைகளை வைத்திருந்தது. யூனிக்ஸ் விற்ற நிறுவனங்களும் இவற்றின் மேல் தங்கள் ஒட்டுவேலையைச் செய்தன.

1997-இல் மைக்கேல் ஸ்வீட் என்ற நிரலாளர் இந்தக் குழப்பத்தைத் தீர்க்க இறங்கினார். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ஹாலிவுட் என்றொரு ஊர் இருக்கிறது. அவருடைய ஈஸி சாஃப்ட்வேர் புராடக்ட்ஸ் என்ற சிறு நிறுவனம் அங்கேதான் இயங்கியது. யூனிக்ஸுக்கு பிரிண்டர் டிரைவர் விற்ற நிறுவனம் என்பதால் இந்தத் தலைவலி முழுவதும் அவருக்கு அத்துப்படி. முதலில் எல்பிடியை வைத்தே கட்ட நினைத்தார். அதன் வரம்புகளும் நிறுவனத்துக்கு நிறுவனம் இருந்த வேறுபாடுகளும் அதைக் கைவிட வைத்தன.

அப்போது ஐபிபி என்ற புதிய நெறிமுறை உருவாகிக்கொண்டிருந்தது. நோவெல் 1996-இல் முன்வைத்த யோசனையிலிருந்து கிளம்பி, பல நிறுவனத்துப் பொறியாளர்கள் கூடி வடித்தது. புதிதாக ஒரு பாதை வெட்டாமல், வலைப்பக்கங்கள் பயணிக்கும் எச்டிடிபியின் மேலேயே ஏற்றினார்கள். போர்ட் எண் 631. முதல் பதிப்பின் ஆவணங்கள் 1999 ஏப்ரலில் வெளியாயின. இதில் பிரிண்டரைக் கேட்கலாம்: எந்தத் தாள் அளவுகள் உண்டு, இருபக்க அச்சு உண்டா, இப்போது ஏன் நிற்கிறாய்? ‘தாள் தீர்ந்தது’ என்பதற்கு நிலையான ஒரு சொல்லே வரையறுத்தார்கள். எந்த நிறுவனத்து பிரிண்டரும் அதையே சொல்லும்.

ஸ்வீட் இதை அடித்தளமாக்கி 1999-இல் வெளியிட்ட அச்சு அமைப்புதான் கப்ஸ். எச்டிடிபி பேசத் தெரிந்ததால் அதுவே ஒரு சிறு வெப் சர்வர்; நிர்வாகப் பக்கமும் அதே போர்ட்டில் வந்து உட்கார்ந்தது. அவர் எடுத்த முடிவுகளில் நான் பெரிதாக மதிப்பது இன்னொன்று: பெர்க்லியின் ‘எல்பிஆர்’, சிஸ்டம் ஃபைவின் ‘எல்பி’ இரண்டு கட்டளைகளையும் அப்படியே வேலை செய்ய வைத்தார். பல வருஷம் விரல் பழகியதை யாரும் மறக்க வேண்டியிருக்கவில்லை. கப்ஸ் அத்தனை சீக்கிரம் பரவியதற்கு அந்தக் கரிசனமும் காரணம் என்றே நினைக்கிறேன்.

2002-இல் ஆப்பிள் தன் மேக் ஓஎஸ் எக்ஸ் 10.2-இல் கப்ஸைச் சேர்த்தது. 2007-இல் ஸ்வீட்டை வேலைக்கு எடுத்து, மூல நிரலையும் வாங்கியது. போனிலிருந்து அச்சிட 2010-இல் வந்த ஏர்பிரிண்டும் ஐபிபியின் மேல் கட்டியதே. பிரிண்டரே தன்னால் ஆவதைச் சொல்லிவிடுவதால் போனில் டிரைவர் தேவைப்படவில்லை. 2019 கடைசியில் ஸ்வீட் ஆப்பிளை விட்டு வெளியேறினார். அங்கே வளர்ச்சி தேங்க, மறு ஆண்டே ஓப்பன்பிரிண்டிங் குழு நிரலைப் பிரித்தெடுத்தது. ஸ்வீட் அங்கே தொடர்ந்து எழுதிவருகிறார்; டெபியனும் உபுண்டுவும் இன்று அந்தக் கிளையையே தருகின்றன.