கனரகச் சரக்குந்துப் பொறிக்கான உதிரிப்பாகத் தேர்வு

கனரகச் சரக்குந்துப் பொறிக்கான உதிரிப்பாகத் தேர்வு என்பது, டீசல் பொறியொன்றில் தேய்ந்த அல்லது பழுதுற்ற பாகத்திற்கு ஈடாக, அப்பொறிக்குப் பொருந்தும் மாற்றுப் பாகத்தைக் கண்டறியும் செயல்முறை ஆகும். பேச்சு வழக்கில் பொறி எஞ்சின் என்றும், உதிரிப்பாகம் ஸ்பேர் பார்ட்ஸ் என்றும் வழங்கப்படுகின்றன. விலையையோ வணிகப்பெயரையோ மட்டும் கொண்டு இத்தேர்வைச் செய்ய இயலாது. பொறியின் அடையாளம், அளந்தறிந்த தேய்மானம், பழுதின் காரணம் ஆகிய மூன்றும் தெரிந்த பின்னரே சரியான பாகம் எதுவெனக் கூற முடியும்.

வடசென்னையில்

சென்னைத் துறைமுகம், காமராசர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம் ஆகிய மூன்றும் வடசென்னைக் கடற்கரையை ஒட்டி அமைந்துள்ளன. இவற்றுள் காமராசர் துறைமுகம் 2001இல் எண்ணூர்த் துறைமுகம் என்ற பெயரில் செயற்படத் தொடங்கியது. 2014இல் இப்பெயர் பெற்றது. துறைமுகங்களுக்கும் அத்திப்பட்டு, மணலி, மாதவரம் முதலிய இடங்களுக்கும் இடையே சரக்குப் பெட்டகங்களை ஏற்றிச் செல்லும் இழுவை வண்டிகள் டிரெய்லர் எனப்படுகின்றன. 2018இல் நடுவண் அரசு அச்சுச் சுமை வரம்பை உயர்த்தியபோது, இவ்வகை வண்டிகளுக்கான உச்ச மொத்த எடை 49 டன்னிலிருந்து 55 டன்னாக உயர்ந்தது.

இப்பகுதி சரக்குந்துத் தொழிலிலும் முன்னோடியானது. 1948இல் தொடங்கப்பெற்ற அசோக் மோட்டார்சு நிறுவனம் எண்ணூரில் தொழிற்சாலை அமைத்து, 1955இல் அசோக் லேலண்டு ஆனது. பிஸ்டன் உற்பத்தி செய்யும் இந்தியா பிஸ்டன்ஸ் நிறுவனம் 1949இல் நிறுவப்பட்டது. அதன் ஆலை செம்பியத்தில் உள்ளது. சென்னையில் புதிய உதிரிப்பாகங்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும், பழைய பாகங்களுக்குப் புதுப்பேட்டையும் பெயர்பெற்ற சந்தைகள் ஆகும்.

துறைமுக வாயிலில் வரிசையில் நிற்கும் வண்டியின் பொறி, வண்டி நகராத நேரத்திலும் இயங்கிக்கொண்டிருக்கும். ஆகவே ஓடிய கிலோமீட்டரை மட்டும் கொண்டு தேய்மானத்தை மதிப்பிட்டால் அது குறைவாகவே தோன்றும். இயங்கிய மணிக்கணக்கையும் சேர்த்து நோக்க வேண்டும். நிலக்கரித் தூசும் அனல்மின் நிலையச் சாம்பலும் மிகுந்த சூழலில் தரமற்ற காற்று வடிகட்டியைப் பொருத்தினால், உட்புகும் துகள்கள் லைனரையும் ரிங்குகளையும் விரைவில் தேய்த்துவிடும்.

பாகங்களின் வகைகள்

சந்தையில் கிடைக்கும் பாகங்களைப் பின்வருமாறு பிரிக்கலாம்.

* வண்டி நிறுவனப் பாகங்கள்: வண்டி உற்பத்தியாளர் தம் பெயரில் விற்பவை. அசோக் லேலண்டின் லேபார்ட்ஸ் இதற்கு எடுத்துக்காட்டு.
* மூல வழங்குநர் பாகங்கள்: வண்டி நிறுவனத்திற்குப் பாகம் வழங்கும் ஆலை, தன் சொந்தப் பெயரில் விற்பவை.
* பிற சந்தைப் பாகங்கள்: வேறு உற்பத்தியாளர்கள் அதே அளவில் செய்பவை. தரம் நிறுவனத்திற்கு நிறுவனம் வேறுபடும்.
* மறுசீரமைத்த பாகங்கள்: பழைய பாகத்தைப் பிரித்து, தேய்ந்தவற்றை மாற்றி, சோதித்து விற்பவை. டர்போ, எரிபொருள் பம்பு, ஸ்டார்ட்டர் மோட்டார் ஆகியவை இவ்வாறு கிடைக்கின்றன.
* பழைய பாகங்கள்: உடைக்கப்பட்ட வண்டிகளிலிருந்து கழற்றியவை. மூடிகள், தாங்கிகள் போன்றவற்றுக்கு இவை ஏற்றவை. பேரிங், ரிங், கேஸ்கட் ஆகியவற்றைப் பழையதாக வாங்குதல் கூடாது. கிராங்க் தண்டாயின் விரிசல் சோதனைக்குப் பின்னரே ஏற்க வேண்டும்.

பொறியை அடையாளம் காணல்

ஒரே பெயர் கொண்ட வண்டிகளிலும் பொறிகள் வேறுபடக்கூடும். மாசு வெளியேற்ற விதிகளின் மாற்றம் இதற்கு முதன்மைக் காரணம் ஆகும். பாரத் நிலை 4 விதிகள் 2017 ஏப்ரல் 1 முதலும், பாரத் நிலை 6 விதிகள் 2020 ஏப்ரல் 1 முதலும் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தன. பாரத் நிலை 6 சரக்குந்துகளின் புகைப்போக்கி அமைப்பில் துகள் வடிகட்டியும், 32.5 விழுக்காடு யூரியா கொண்ட கரைசலைப் பயன்படுத்தும் வினையூக்கியும் இடம்பெறுகின்றன. எனவே கடையில் வண்டியின் பெயரை மட்டும் கூறுவது போதாது. பொறி எண், அடிச்சட்ட எண், உற்பத்தி மாதம், பழைய பாகத்தில் பொறித்துள்ள பாக எண் ஆகியவற்றைக் கொண்டு உற்பத்தியாளரின் பாகப் பட்டியலில் சரிபார்க்க வேண்டும்.

காமன் ரெயில் பொறிகள் பலவற்றில் ஒவ்வோர் இன்ஜெக்டருக்கும் தனிக் குறியீடு உண்டு. புதிய இன்ஜெக்டரைப் பொருத்தியபின் அதனைக் கட்டுப்பாட்டுக் கணினியில் பதிய வேண்டும். பதியாவிடில் பாகம் சரியானதாக இருந்தும் பொறி சீராக இயங்காது.

அளவும் இணையும்

கிராங்க் தண்டின் தேய்ந்த பரப்பைக் கடைந்து சீர்செய்யும்போது அதன் விட்டம் குறைகிறது. குறைந்த அளவிற்கேற்ப 0.25 மி.மீ., 0.50 மி.மீ. எனப் படிப்படியாக மாறும் பேரிங்குகள் விற்கப்படுகின்றன. மைக்ரோமீட்டரால் அளக்காமல் வாங்கும் பேரிங், இடைவெளி குறைந்தால் சிக்கிக்கொள்ளும். மிகுந்தால் எண்ணெய் அழுத்தம் வீழும்.

குளிர்நீர் நேரே தொடும் ஈர லைனர்கள், பிளாக்கின் மேற்பரப்பைவிடச் சிறிதளவு உயர்ந்து நிற்றல் வேண்டும். இவ்வுயரம் பிழைத்தால் ஹெட் கேஸ்கட் கசியும். பிஸ்டன், ரிங், லைனர் மூன்றையும் ஒரே தொகுப்பாக வாங்குவது வழக்கம். ஒரு சிலிண்டருக்கு மட்டும் பிஸ்டன் மாற்ற நேர்ந்தால், அதன் எடை ஏனையவற்றோடு ஒத்துள்ளதா எனப் பார்த்தல் அவசியம்.

பழுதின் காரணம்

உடைந்த பாகமே குற்றமுள்ள பாகமாக இருக்க வேண்டியதில்லை. எண்ணெய் வழங்கு குழாய் அடைபட்டதால் டர்போ சிக்கியிருந்தால், எவ்வளவு உயர்ந்த டர்போவைப் பொருத்தினாலும் அதுவும் சிக்கும். வளைந்த சிலிண்டர் ஹெட்டின் கீழ் புதிய கேஸ்கட் நிலைக்காது. எண்ணெய்ப் பம்பைச் சோதிக்காமல் பேரிங் மாற்றினால், மறுமுறை கிராங்க் தண்டும் சேர்ந்து பழுதாகலாம். தவணைக் கடனில் ஒரே வண்டியை வைத்துத் தொழில் செய்பவர்க்கு, இரண்டாம் முறை பொறியைப் பிரிக்கும் செலவோடு வண்டி நிற்கும் நாட்களின் வருவாய் இழப்பும் சேர்கிறது. தவணை மட்டும் நிற்பதில்லை.

போலிப் பாகங்கள்

புகழ்பெற்ற நிறுவனத்தின் உறையைப் போலச் செய்து தரமற்ற பாகத்தை அடைத்து விற்பதும் உண்டு. வணிகக் குறியைப் போலியாகப் பயன்படுத்துவோருக்கு, 1999ஆம் ஆண்டின் வணிகக் குறிகள் சட்டம் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைத்தண்டனையும், 50,000 ரூபாய் முதல் 2 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க வழிசெய்கிறது. உறையின் அச்சு, பாதுகாப்பு முத்திரை, பாகத்தின் மேல் உள்ள எண் ஆகியவை ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா எனப் பார்ப்பது முதற்சோதனை ஆகும். வரிப் பட்டியலுடன் வாங்கினால் மட்டுமே பின்னர் உத்தரவாதம் கோர இயலும். மாற்றிய பழைய பாகத்தைப் பட்டறையிலேயே விட்டுவிடாமல் பெற்றுக்கொள்வதும், அதன் உறையை அழித்துவிடுவதும் போலிகள் பெருகாமல் தடுக்க உதவும்.