கரண்ட் நின்ற பிறகு

பெங்களூரு ஸ்ரீராம்புரத்துத் தமிழ் வீடுகளில் கதிர்வீச்சு சிகிச்சைக்கு வழங்கும் பெயர் ‘கரண்ட் வைப்பது’. தமிழகத்திலும் இவ்வழக்கு உண்டு. மொழியியல் பயின்ற எனக்கு இச்சொல் சுவையானதே. ஆயினும் அது நோயாளியைத் தவறாக வழிநடத்துகிறது. மின்சாரம் விசையை அணைத்ததும் நின்றுவிடும். கதிர்வீச்சின் விளைவு நிற்பதில்லை. ‘பக்கவிளைவு’ என்னும் நூல்வழக்கும் இக்குறையைத் தீர்க்கவில்லை. ‘பக்கம்’ இடத்தைச் சுட்டுகிறதேயன்றிக் காலத்தைச் சுட்டவில்லை.

லிம்ஃபோமா எனும் நிணநீர்ப் புற்றின் ஒருவகையை 1832-இல் தாமஸ் ஹாட்ஜ்கின் விவரித்தார். அதன்பின் நூறாண்டுகளுக்கு மேலாகக் குணப்படுத்தும் வழி தெளிவாகவில்லை. கட்டியை மட்டுமன்றி அண்டையிலுள்ள நிணநீர்க் கணுக்களையும் சேர்த்துக் கதிர்பாய்ச்சினால் நோயாளர் பிழைக்கின்றனர் என்று 1950-இல் டொரான்டோவின் வேரா பீட்டர்ஸ் காட்டினார். பின்னர் ஸ்டான்ஃபோர்டில் ஹென்றி காப்லன் இம்முறையை விரிவாக்கினார். கழுத்து, அக்குள், நெஞ்சு ஆகியவற்றை ஒருசேரப் போர்த்திய அக்கதிர்ப்புலத்திற்கு ‘மேலங்கி’ என்னும் பொருளில் பெயரிட்டனர். அம்மேலங்கிக்குள் இதயம், நுரையீரல், தைராய்டு, மார்பகம் யாவும் அகப்பட்டன. பின்விளைவு தெரியவேண்டுமானால் நோயாளி நெடுங்காலம் வாழ்ந்திருக்க வேண்டும். பிழைத்தவர்களிடையே இதயநோய் மரணங்கள் மிகுந்திருந்ததை ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் 1993-இல் வெளியிட்டனர். சிகிச்சையின் வெற்றியே அதன் தீங்கையும் புலப்படுத்தியது.

முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம், 1957-இல் கோபால்ட் கதிர்க்கருவியை நிறுவியது. அவ்வாண்டிலேயே அமெரிக்காவில் டோனல் தாமஸ் கதிர்பாய்ச்சிய நோயாளர்களுக்கு எலும்பு மஜ்ஜையைச் செலுத்திய முயற்சிகளை வெளியிட்டார். இந்தியாவில் மஜ்ஜை மாற்று மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் 1983-இலும், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986-இலும் தொடங்கியது. மீண்டும் தலைதூக்கும் தீவிர வகை லிம்ஃபோமாவுக்கு நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்களைச் செலுத்தும் முறை மருந்தை மட்டும் தருவதினும் மேலானது என்று ‘பார்மா’ ஆய்வு 1995-இல் நிறுவியது.

மாற்றுக்கு உடலை ஆயத்தப்படுத்தப் பயன்பட்ட கதிர்வீச்சு, இன்று சிலருக்கு மாற்றுக்குப் பின்னர், எஞ்சிய கட்டியின் மீது தரப்படுகிறது. சிக்கல் இங்கேதான். மாற்றுக்கு முன் தரும் கார்முஸ்டின் என்னும் மருந்து நுரையீரலை ஏற்கெனவே புண்படுத்தியிருக்கக்கூடும். அதன்மேல் நெஞ்சில் கதிர்பட்டால் நுரையீரல் அழற்சிக்கான வாய்ப்பு கூடுகிறது. அதுவும் உடனே வருவதில்லை. பெரும்பாலும் ஒன்று முதல் ஆறு மாதங்களுக்குள் வறட்டிருமல், மூச்சிரைப்பு, இளங்காய்ச்சல் என வெளிப்படும். எதிர்ப்பாற்றல் குன்றிய உடலில் தொற்றும் இவ்வாறே தோன்றும். நம் நாட்டில் காசநோயும் இவ்வாறே தோன்றும். அழற்சிக்கு ஸ்டீராய்டு, தொற்றுக்கு வேறு மருந்து. ஆகவே பிரித்தறிவது இன்றியமையாதது. புதிதாக வேரூன்றிய மஜ்ஜை கதிரைத் தாங்காமல் இரத்த அணுக்கள் குறைவதும் உண்டு. கழுத்தில் கதிர்பட்டோருக்குத் தைராய்டு சுரப்பு பல ஆண்டுகள் கழித்தும் குன்றலாம். அந்தச் சோர்வை வயதின் மேலோ மனத்தின் மேலோ ஏற்றிவிடுகிறோம்; எளிய இரத்தப் பரிசோதனையே அதைக் காட்டிவிடும்.

மேலங்கி இன்று வழக்கொழிந்துவிட்டது. நோய் இருந்த இடத்திற்கு மட்டும், முன்னினும் குறைந்த அளவில் கதிர் தரப்படுகிறது. ‘பின்விளைவு’ என்ற சொல்லையே நான் பரிந்துரைப்பேன்; ‘பின்’ என்பதில் காலம் இருக்கிறது. அத்துடன், எந்த இடத்தில், எத்தனை கிரே, எந்த மாதத்தில் என்ற மூன்று விவரங்களும் வீட்டார் படிக்கும் மொழியில் ஒரு தாளில் இருந்தால், இருமலோடு தெருமுனை மருத்துவரிடம் செல்பவர் ‘கரண்ட் வைத்து முடித்தாயிற்று’ என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை.