ஜாக் வாலஸ்: பெர்விக் முதல் கோல்செஸ்டர் வரை

இங்கிலாந்தின் வடகோடியில், ட்வீட் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் பெர்விக் என்றொரு சிறிய ஊர். ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் மாறி மாறிப் பிடித்து, கடைசியில் 1482-ல் இங்கிலாந்தின் கைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட ஊர் இது. ஊர் இங்கிலாந்தில் இருக்கிறது. ஆனால் ஊரின் கால்பந்து கிளப்பான பெர்விக் ரேஞ்சர்ஸ் ஆடுவதோ ஸ்காட்லாந்துப் போட்டிகளில்! எல்லைக்கோடு நாலைந்து கிலோமீட்டர் தூரத்தில்தான் என்பதால் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

1966-67 பருவத்தின் நடுவில் இந்தக் கிளப்புக்கு மேனேஜராக வந்தவர் ஜாக் வாலஸ். அப்போது அவருக்கு வயது 31. மேனேஜர் மட்டுமல்ல, அணியின் கோல்கீப்பரும் அவரேதான். பதினொரு பேரைத் தேர்ந்தெடுத்து, ஆட்டத்திட்டம் சொல்லிக்கொடுத்து, பிறகு தானே கையுறை மாட்டிக்கொண்டு கோல் கம்பங்களுக்கு நடுவே போய் நிற்க வேண்டும். சம்பளம் மிச்சம் என்பதால் சிறிய கிளப்புகளுக்கு இந்த ஏற்பாடு பிடிக்கும்.

வாலஸ் எடின்பரோவுக்குக் கிழக்கே வாலிஃபோர்டு என்ற சுரங்க கிராமத்தில் 1935-ல் பிறந்தவர். அப்பாவும் கோல்கீப்பர், பெயரும் அதே ஜாக் வாலஸ்! மகன் ராணுவத்தில் சேர்ந்து மலாயாக் காடுகளில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிரான சண்டையில் இருந்தார். கால்பந்தில் அவர் பெரிய நட்சத்திரம் ஒன்றும் இல்லை. வெஸ்ட் பிராம்விச் ஆல்பியனில் சில காலம் முதல் டிவிஷனில் ஆடியதுதான் உச்சம். அதன்பின் பெட்ஃபோர்டு, ஹெரஃபோர்டு என்று லீக்குக்கு வெளியே இருந்த கிளப்புகள். ஹெரஃபோர்டிலிருந்து பெர்விக்குக்கு நடுப் பருவத்தில் மாறியதால் ஒரு வேடிக்கை நடந்தது. இங்கிலாந்துக் கோப்பை, வேல்ஸ் கோப்பை, ஸ்காட்லாந்துக் கோப்பை மூன்றிலும் ஒரே பருவத்தில் ஆடியவர் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது.

1967 ஜனவரி 28, சனிக்கிழமை. ஸ்காட்டிஷ் கோப்பையின் முதல் சுற்றில் பெர்விக் ரேஞ்சர்ஸை எதிர்த்து வந்தது கிளாஸ்கோ ரேஞ்சர்ஸ். முந்தைய ஆண்டு அதே கோப்பையை வென்ற அணி. ஜான் கிரெய்க், வில்லி ஹெண்டர்சன் போன்ற சர்வதேச ஆட்டக்காரர்கள் நிறைந்த அணி. பெர்விக்கோ இரண்டாம் டிவிஷன். அதன் வீரர்கள் வாரம் முழுக்க வேறு வேலை பார்த்துவிட்டு சனிக்கிழமை மட்டும் பந்து உதைக்கிறவர்கள். ஷீல்ஃபீல்ட் பார்க் மைதானத்தில் 13,000 பேருக்கும் மேல் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். ஊரின் மொத்த மக்கள்தொகையே ஏறக்குறைய அவ்வளவுதான்.

32-வது நிமிடத்தில் சாமி ரீட் ஒரு கோல் போட்டார். இன்னும் ஒரு மணி நேர ஆட்டம் பாக்கி. அந்த ஒரு மணி நேரமும் பந்து பெரும்பாலும் பெர்விக்கின் பக்கத்திலேயே கிடந்தது. வாலஸ் பாய்ந்தார், விழுந்தார், குத்தித் தள்ளினார். இளம் வீரர் வில்லி ஜான்ஸ்டன் காயமடைந்து வெளியேற, கிளாஸ்கோ அணியின் பதற்றம் இன்னும் கூடியது. 1-0 என்ற கணக்கு கடைசி வரை மாறவே இல்லை. ஸ்காட்டிஷ் கோப்பை வரலாற்றின் மிகப்பெரிய அதிர்ச்சி எது என்று கேட்டால் பலரும் முதலில் சொல்வது இந்த ஆட்டத்தைத்தான்.

இதற்கு அதிக விலை கொடுத்தவர்கள் ஜிம் ஃபாரஸ்ட், ஜார்ஜ் மெக்லீன் என்ற இரண்டு முன்வரிசை ஆட்டக்காரர்கள். கோல் போடத் தவறியதற்காக இருவரும் ஓரங்கட்டப்பட்டார்கள். கிளாஸ்கோ ரேஞ்சர்ஸின் முதல் அணியில் அதற்குப் பிறகு அவர்கள் ஆடவே இல்லை. ஃபாரஸ்ட் அந்தக் கிளப்புக்காக நூற்றுக்கும் மேற்பட்ட கோல்கள் அடித்தவர். பதினொரு பேர் சேர்ந்து தோற்ற ஆட்டத்துக்கு இரண்டு பேருக்கு மட்டும் தண்டனை என்பது என்ன நியாயமோ! விளைவு நான்கே மாதத்தில் தெரிந்தது. மே 31 அன்று நியூரம்பெர்க்கில் பேயர்ன் மியூனிக்கை எதிர்த்து ஐரோப்பிய கப் வின்னர்ஸ் கோப்பை இறுதியாட்டம். முன்வரிசைக்கு ஆளில்லாமல், தற்காப்பு ஆட்டக்காரரான ராஜர் ஹைண்டை நடு முன்னணியில் நிறுத்தினார்கள். கூடுதல் நேரத்தில் 1-0 என்று தோற்றார்கள். அதற்கு ஆறு நாட்களுக்கு முன்புதான் பரம எதிரியான செல்டிக் லிஸ்பனில் ஐரோப்பியக் கோப்பையை வென்றிருந்தது. வெந்த புண்ணில் வேல்! நவம்பரில் மேனேஜர் ஸ்காட் சைமனின் வேலையும் போயிற்று.

வாலஸுக்கோ அந்த சனிக்கிழமை கதவைத் திறந்துவிட்டது. ஹார்ட்ஸ் கிளப்பில் கொஞ்ச காலம் உதவிப் பயிற்சியாளர். 1970-ல் அவரைப் பயிற்சியாளராக அழைத்தது வேறு யாருமல்ல, தோற்றுப்போன அதே கிளாஸ்கோ ரேஞ்சர்ஸ்தான். ராணுவப் பழக்கத்தை அவர் விடவில்லை. தன் சொந்த ஊர்ப் பக்கமான கல்லன் கடற்கரையின் மணல் மேடுகளில் வீரர்களை ஏறி இறங்கி ஓடவிட்டார். சிலர் வாந்தி எடுத்தார்கள். கடைசிப் பத்து நிமிடங்களில் எதிரணி தளரும்போது தன் அணி தளரக்கூடாது என்பது அவர் கணக்கு. 1972-ல் மேனேஜரானார். 1975-ல் லீக் பட்டம் வென்று, ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து வந்த செல்டிக்கின் ஆதிக்கத்தை முடித்துவைத்தார். 1976, 1978 இரண்டு ஆண்டுகளிலும் லீக், ஸ்காட்டிஷ் கோப்பை, லீக் கோப்பை மூன்றும் அவர் கையில். ஆனால் மூன்றையும் இரண்டாம் முறை வென்ற அதே மாதத்தில் திடீரென்று ராஜினாமா செய்துவிட்டார். காரணத்தை அவர் வெளியே சொல்லவே இல்லை.

அடுத்து போனது இரண்டாம் டிவிஷனில் இருந்த லெஸ்டர் சிட்டிக்கு. 1979 புத்தாண்டு தினத்தில் கேரி லினேக்கர் என்ற பதினெட்டு வயதுப் பையனை முதன்முதலாகக் களமிறக்கியது இவர்தான். 1980-ல் அந்த டிவிஷனின் பட்டமும் வந்தது. பிறகு மதர்வெல், மறுபடியும் கிளாஸ்கோ ரேஞ்சர்ஸ், ஸ்பெயினில் செவில்லா. ரேஞ்சர்ஸில் இரண்டாம் முறை பழைய மந்திரம் பலிக்கவில்லை. லீக் கோப்பைகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

1989 ஜனவரியில் அவர் ஏற்றுக்கொண்ட வேலைதான் பெர்விக்கை நினைவுபடுத்துவது. நான்காம் டிவிஷனில் கடைசி இடத்தில் கிடந்த கோல்செஸ்டர் யுனைடெட். கீழே விழுந்தால் லீக்கை விட்டே வெளியேற வேண்டிய நிலை. எல்லாக் கோப்பைகளையும் தூக்கிப் பார்த்த மனிதர், அந்த அணியை அந்தப் பருவம் விழாமல் காப்பாற்றினார். ஆண்டு முடிவதற்குள் அந்த வேலையும் முடிந்தது. பார்க்கின்சன் நோயோடு போராடி 1996 ஜூலையில் இறந்தபோது அவருக்கு வயது 60.

பெர்விக்கில் அன்று தோற்ற அணியில் ஆடிய டேவ் ஸ்மித், பின்னாளில் அதே பெர்விக்குக்கு ஆட்டக்கார மேனேஜராகி, 1979-ல் இரண்டாம் டிவிஷன் பட்டம் வாங்கிக் கொடுத்தார். 2019-ல் பெர்விக் ரேஞ்சர்ஸ் ஸ்காட்லாந்து லீக்கின் நான்கு டிவிஷன்களிலிருந்தும் வெளியேறி லோலேண்ட் லீக்குக்கு இறங்கியது. ஷீல்ஃபீல்ட் பார்க்கில் மிக அதிகமாகக் கூடிய கூட்டம் என்ற சாதனை மட்டும் அந்த 1967 சனிக்கிழமையிடமே இருக்கிறது.