முதல் உலகப் போரில் இந்தியச் சிப்பாய்களின் கடிதங்கள்

இந்தியப் படைகள் 1914 செப்டம்பர் இறுதியில் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் இறங்கத் தொடங்கின. அவற்றின் காலாட்படை 1915 இறுதியில் மெசபடோமியாவுக்கு மாற்றப்பட்டது. குதிரைப்படை 1918 வரை பிரான்சிலேயே இருந்தது. பஞ்சாப், கார்வால், வடமேற்கு எல்லைப்புறம், நேபாளம் எனப் பல பகுதிகளைச் சேர்ந்த அந்தச் சிப்பாய்களுக்கும் ஊருக்கும் இடையே இருந்த பாலம் தபால்தான். பலருக்கு எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்த தோழரோ படைப்பிரிவின் எழுத்தரோ கேட்டு எழுதித் தருவார். ஊரிலும் படிக்கத் தெரிந்த ஒருவர் வாசித்துச் சொல்ல வேண்டும். வழியில் படைப்பிரிவின் அதிகாரி பார்ப்பார். அரசுக்கு எதிரான பிரசுரங்கள் சிப்பாய்களிடம் பரவுகின்றன என்ற அச்சத்தால் இந்தியத் தபாலுக்கெனத் தனித் தணிக்கையும் ஏற்பட்டது. ஈ. பி. ஹோவெல் தலைமையில் பூலோன் நகரில் இயங்கிய அந்த அலுவலகம், கடிதப் பகுதிகளை ஆங்கிலமாக்கி மேலிடத்துக்கு அறிக்கையாக அனுப்பிவந்தது.

இத்தனை பேர் கைபட்ட கடிதத்தில் சிப்பாயின் மனம் எங்கே இருக்கும் என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அது கடிதத்தை அந்தரங்க வாக்குமூலமாக எதிர்பார்க்கிறது. இவை பலர் காதில் விழும் என்று தெரிந்தே சொல்லப்பட்டவை; வீட்டாருக்கு எதை எப்படித் தெரிவிப்பது என்ற அக்கறைதான் அவற்றில் தெரிகிறது. கறுப்பு மிளகு, சிவப்பு மிளகு என்று எழுதி இந்தியச் சிப்பாய்களையும் வெள்ளைக்காரச் சிப்பாய்களையும் குறித்தார்கள். கறுப்பு மிளகு தீர்ந்துவருகிறது என்றால் ஊரார் செய்தியைப் புரிந்துகொள்ள வேண்டும். தணிக்கையாளருக்கும் அது புரிந்துவிட்டது என்பதால்தான் இன்று நமக்கும் தெரிகிறது. காயம் ஆறியவர்களை ஊருக்கு அனுப்பாமல் மறுபடி போர்முனைக்கே அனுப்பும் கொடுமையைச் சிலர் மறைக்காமல் எழுதினார்கள். தம்பியைப் பட்டாளத்தில் சேர விடாதீர்கள் என்ற வகையான எச்சரிக்கைகளும் உண்டு. சூழ்ந்திருந்த கண்காணிப்பை நினைத்தால் அந்தத் துணிச்சலின் எடை கூடுகிறது.

எஞ்சியிருப்பவை பெரும்பாலும் தணிக்கையாளர் தேர்ந்த மொழிபெயர்ப்புகளே என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். ஆகவே எத்தனை பேர் அதிருப்தியில் இருந்தார்கள் என்று இவற்றைக் கொண்டு கணக்கிட முடியாது. இருந்தாலும் படையின் மனநிலையை அறிவதே அறிக்கையின் நோக்கமாக இருந்ததால், ராணுவத்துக்குப் பயன்படாத வீட்டுச் சங்கதிகளும் அதில் இடம்பெற்றன: நிலத்தகராறு, கல்யாணப் பேச்சு, பணம் வந்ததா என்ற விசாரிப்பு. பிரெஞ்சுப் பெண்கள் படித்தும் பண்ணை வேலைகளை நடத்தியும் வருவதைப் பார்த்து, நம் வீட்டுப் பெண்களையும் படிக்க வையுங்கள் என்று எழுதியவர்கள் உண்டு. தொலைவில் இருந்தபடியே குடும்பத்தை நடத்த முயன்ற மனிதர்களை இங்கே காண்கிறோம். தணிக்கையாளர் இட்டுக்கட்ட எந்தக் காரணமும் இல்லாத விஷயங்கள் இவை.