வீட்டுத் தரகர், செஞ்சி

வீடு விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்துவைத்து, கிரயம் முடிந்ததும் தரகு பெறுபவர் வீட்டுத் தரகர். பேச்சுவழக்கில் புரோக்கர், சிலர் மீடியேட்டர் என்று சொல்லிக்கொள்கிறார்கள். தொழில் பழையது. பல்லவர் காலச் செப்பேடுகள் அடுக்கும் வரிப் பெயர்களிலேயே தரகும் வருகிறது. விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனம்–திருவண்ணாமலை சாலையில் அமைந்த செஞ்சியில் இவரைத் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலான சிறு நகரங்களில் எழாத ஒரு கேள்வி எழுகிறது: வீடு கோட்டையிலிருந்து எத்தனை மீட்டர்?

கோட்டையும் வீட்டு விலையும்

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதிலால் இணைத்த செஞ்சிக் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. தொன்மைச் சின்னங்கள் குறித்த 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2010-இல் செய்த திருத்தப்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து எல்லாத் திசையிலும் 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. முதல் பகுதியில் புதுக் கட்டடம் எழுப்ப முடியாது. இருக்கும் வீட்டைப் பழுதுபார்க்கவும் அனுமதி வாங்க வேண்டும். இரண்டாவதில் அனுமதி பெற்றுக் கட்டலாம். தடைப் பகுதியில் மீறிக் கட்டினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

விற்பதற்கோ வாங்குவதற்கோ இச்சட்டம் தடை போடவில்லை. பலர் குழப்பிக்கொள்ளும் இடம் இதுதான். ஓட்டு வீட்டை வாங்குகிறவர் அதில் குடியிருக்கவா வாங்குகிறார், இடித்துவிட்டு மாடி எழுப்பவா என்பதைப் பொறுத்தே இந்த மீட்டர் கணக்குக்குப் பொருள் உண்டு. இடித்துக் கட்ட வந்தவரிடம் அதை மறைத்து அட்வான்ஸ் வாங்கிக் கொடுக்கும் தரகர் அன்றைக்குச் சாமர்த்தியக்காரராகத் தெரிவார். பிறகு பணத்தைத் திருப்பிக் கேட்டு ஆள் வந்து நிற்பது விற்றவர் வாசலில்தான். வாங்குபவர் சாதாரண கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையைச் சொல்லிவிட வேண்டிய கடமையை 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு விற்பவர்மேல்தான் வைத்திருக்கிறது. ஆகவே செஞ்சியில் ஒரு தரகரை எடைபோட, நம் வீட்டுச் சர்வே எண்ணைச் சொல்லி இந்தக் கணக்கைக் கேட்பதே போதும். “அதெல்லாம் பாத்துக்கலாம்” என்பவரை விட, தொல்லியல் துறையில் விசாரித்துச் சொல்கிறேன் என்பவர் மேல்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராத்தியர் ராணுவ நிலப்பரப்பு என்ற தொகுப்பில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. 1677-இல் சிவாஜி கைப்பற்றிய செஞ்சியும் அதில் ஒன்று. மற்ற 11-உம் மகாராஷ்டிரத்தில் உள்ளவை. ‘பாரம்பரிய நகரம்’ என்பது தரகர் பேச்சில் விலையேற்றும் சொல்லாக எளிதில் நுழைந்துவிடும். பல்லாண்டுகளாகப் பேசப்படும் திண்டிவனம்–செஞ்சி–திருவண்ணாமலை ரயில் பாதையும் அந்த வகைதான். இரண்டையும் காட்டி உயர்ந்த விலை சொல்பவர், விற்பவரின் ஆசையை எடைபோடுகிறாரே தவிர வீட்டையல்ல. அதே தெருவில் கடைசியாகப் பதிவான கிரயங்கள் எந்த விலைக்குப் போயின என்பதைச் சொல்லத் தெரிந்தவரின் மதிப்பீடு இதைவிடக் குறைவாகவே இருக்கும். நம்பத் தகுந்ததும் அதுவே.

பத்திர அறிவு

வீட்டை ஆளுக்குக் காட்டுவது எளிய பாதி. தாய்ப்பத்திரம் தொடங்கி வில்லங்கச் சான்று வரை படித்து, எங்கே இடிக்கிறது என்று விற்பவருக்கு முன்கூட்டியே சொல்வதுதான் கடினமான பாதி. 1979-இல் தொடங்கிய யூ.டி.ஆர். நிலப்பதிவுப் பணியில் பெயரும் பரப்பும் மாறிப்போன பட்டாக்கள் தமிழகமெங்கும் உண்டு. நத்தம் மனையானால் தோராயப் பட்டாவோடு நின்றுவிட்டதா, தூய பட்டா வந்ததா என்று பார்க்க வேண்டும். அப்பா பெயரிலேயே பட்டா இருந்து, வாரிசுகளில் ஒருவர் வெளியூரில் இருந்தால், ஆள் தேடுவதற்கு முன் அவர் கையெழுத்தைத் தேட வேண்டும். இதையெல்லாம் முதல் சந்திப்பிலேயே கேட்கும் தரகர் தொந்தரவு பிடித்தவராகத் தோன்றலாம்; அவரே வேலைக்கு ஆவார்.

சட்டத்தின் வரம்பு

2016-ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டப்படி முகவர்கள் தமிழ்நாட்டு ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். ஆனால் அந்தக் கட்டாயம், பதிவான திட்டத்தில் கட்டுநர் விற்கும் மனைக்கும் வீட்டுக்கும்தான். ஒருவர் தம் பழைய வீட்டை விற்கும்போது உதவும் தரகருக்கு அது பொருந்தாது. பதிவு எண் இருந்தால் நல்லது, இல்லாததால் ஒருவர் போலி ஆகிவிடமாட்டார் என்ற அளவில் எடுத்துக்கொள்ளலாம். இவரைக் கட்டுப்படுத்துவது 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில் முகமை பற்றிய பகுதி.

தரகும் ‘மேல் பணமும்’

தரகு விகிதத்தைப் பேசித் தீர்க்கிறார்கள். ஒன்று அல்லது இரண்டு சதவீதம் வழக்கம். இரு தரப்பிலும் வாங்குவதும் வழக்கம்தான், அதை மறைக்காதவரை. விற்பவரை உண்மையில் ஏமாற்றுவது வேறொரு ஏற்பாடு: “உங்க கைக்கு முப்பது வந்தா போதும்ல? மேல வர்றது என் பாடு.” இப்படிச் சம்மதித்த நொடியில் தரகர் நம் ஆளாக இருப்பதை விட்டுவிடுகிறார். முப்பத்தைந்துக்குக் கேட்பவரை நாம் பார்க்கவே போவதில்லை. முதலாளிக்குத் தெரியாமல் முகவர் தம் சொந்தக் கணக்கில் வியாபாரம் செய்து அடைந்த ஆதாயத்தை முதலாளி கேட்டு வாங்கலாம் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 216-ஆம் பிரிவு. நாமே வாயால் ஒப்புக்கொடுத்த பிறகு அந்தப் பிரிவைத் தேடிப் பயனில்லை.

பவர் பத்திரம் கேட்பவரிடமும் இதே எச்சரிக்கை தேவை. வாங்குபவரைக் கூட்டிவர எந்தத் தரகருக்கும் பொது அதிகாரப் பத்திரம் வேண்டியதில்லை. பவரை வைத்து நடக்கும் ‘விற்பனை’ உரிமையை மாற்றாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சூரஜ் லேம்ப் வழக்கில் தெளிவாக்கியது. அட்வான்ஸைத் தரகர் கையில் வாங்கிவைப்பதும் வேண்டாம். அது விற்பவரின் வங்கிக் கணக்குக்கே வரட்டும். அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டமும் தடுக்கிறது.

ஒருவரிடமே ஒப்படைப்பதா, நாலு பேரிடம் சொல்லிவைப்பதா என்பதில் ஊருக்கு ஊர் வழக்கம் வேறு. நாலு பேர் ஒரே வீட்டை நாலு விலை சொன்னால், வாங்க வருபவர் மிகக் குறைந்த விலையிலிருந்துதான் பேச்சைத் தொடங்குவார். இரண்டு மாதக் கெடு வைத்து ஒருவரிடம் கொடுத்துப் பார்ப்பது மேல். அந்தக் கெடுவுக்குள் அவர் காட்டிய ஆட்களின் பெயரை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டால், கெடு முடிந்து அதில் ஒருவர் நேரில் வந்து கேட்கும்போது யாருக்குத் தரகு என்ற சண்டை வராது. தரகு எப்போது கொடுப்பது என்று தனியாகப் பேசாதபோது, வேலை முடியும் வரை முகவருக்குக் கூலி கேட்கும் உரிமை இல்லை என்பதே ஒப்பந்தச் சட்டத்தின் 219-ஆம் பிரிவு. வீடு விற்பதில் வேலை முடிவது அட்வான்ஸ் நாளிலா, சார்பதிவாளர் முன் கையெழுத்துப் போட்ட பிறகா என்பதை அந்தத் தாளிலேயே எழுதிவிட வேண்டும்.