தலைகீழாக வரைந்த கை

மேசைக்கு அந்தப் பக்கம் வீடு கட்ட வந்த வெள்ளைக்காரர். இந்தப் பக்கம் பால் வில்லியம்ஸ், கறுப்பர். அவர் சொல்லச் சொல்ல இவர் வரைகிறார். படம் வந்தவருக்கு நேராகத் தெரியும், வரைகிறவருக்குத் தலைகீழ். கறுப்பன் பக்கத்தில் ஒட்டி உட்கார வெள்ளைக்காரர் கூசுவார் என்றே பழகிக்கொண்டது. இன்றைக்கு அதைத் திறமை என்று மெச்சுகிறார்கள். நமக்குத் தெரியாதா அது என்னன்னு!

1894இல் லாஸ் ஏஞ்சல்சில் பிறந்தவர். நாலு வயசுக்குள் தாயும் தகப்பனும் போய்விட்டார்கள். உன் சனத்திடம் காசில்லை, வெள்ளைக்காரன் உன்னிடம் வரமாட்டான் என்று தடுத்தார் பள்ளிக்கூட வாத்தியார். வந்தார்கள். 1923இல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகத்தின் முதல் கறுப்பு உறுப்பினரானார். சினிமாக்காரர்களுக்கு மாளிகைகள் வரைந்தார். கறுப்பர் குடியிருக்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதிவைத்த பகுதிகளிலும் அவர் வரைந்த வீடுகள் எழும்பின. தான் வரைந்த வீடு இருக்கும் இடத்தில் தான் வாழ முடியாததை 1937இல் ஒரு பத்திரிகையில் அவரே எழுதினார்.

பணக்காரனுக்குக் கட்டினாரே, சொந்த சனத்துக்கு என்ன செய்தார்? கேட்கத்தான் வேணும். 1926இல் 28ஆம் தெருவில் கறுப்பு இளைஞர்களுக்கான ஒய்.எம்.சி.ஏ. அவர் வரைந்தது, முகப்பில் ஃபிரெடரிக் டக்ளஸின் முகம் இருக்கிறது. 1949இல் கறுப்பர்களே நடத்திய கோல்டன் ஸ்டேட் மியூச்சுவல் காப்பீட்டுக் கம்பெனிக்குத் தலைமையகம். மெம்பிசில் 1962இல் திறந்த செயின்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனைக்குக் காசு வாங்காமல் வரைந்து கொடுத்தார். தென்மாநிலங்களில் நிறம் பார்த்து நோயாளியைப் பிரித்த காலத்தில், எல்லாக் குழந்தைகளையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்ட இடம் அது.

1980இல் இறந்தார். கழகம் தன் தங்கப் பதக்கத்தை அவருக்குக் கொடுத்தது 2017இல், செத்து 37 வருஷம் கழிச்சு.