கொள்ளைநோய்க் காலத்துக் கத்தோலிக்கப் பாடசாலைகள்

நம் கொரட்டூரிலும், பாடி, வில்லிவாக்கம், அம்பத்தூர் முதலிய அயலூர்களிலும் வாழும் நம்மவருட் பலர், சமய வேறுபாடு கருதாது, தம் மக்களைக் கத்தோலிக்கத் துறவியர் நடத்தும் பாடசாலைகட்கு அனுப்பிவருதல் யாவரும் அறிந்ததே. கொரோனா என்னும் கொள்ளைநோய் பரவிய இரண்டாண்டுகளில் அப்பாடசாலைகள் அனைத்தும் ஒருவகைத் துன்பமே எய்தின என்று பலர் பேசக் கேட்கின்றோம். அஃது உண்மையன்று. ஒரே மடத்தார் ஒரே மதிலுக்குள் நடத்தும் இரு பாடசாலைகளும் இருவேறு நிலை எய்தின. அதன் காரணம் பழைய வரலாற்றிற் கிடக்கின்றது.

அயர்லாந்து தேயத்துப் பிரசன்டேஷன் சபைக் கன்னியர் சென்னை போந்து பெண்மக்கட்குக் கல்வி புகட்டத் தொடங்கியது 1842 ஆம் ஆண்டில். அதன்பின் பன்னிரண்டாண்டு கழித்து, 1854 இல், சார்லஸ் உட் என்பார் விடுத்த கல்வி அறிக்கை, தனியாரும் சமயத்தாரும் நடத்தும் பள்ளிகட்கும் அரசினர் பொருளுதவி அளித்தல் வேண்டும் என்று வகுத்தது. உதவி பெறும் பள்ளி என்று இன்று நாம் வழங்குவதன் வேர் அதுவே. இப்பள்ளிகளின் உபாத்தியாயர்க்கு ஊதியம் தருவது அரசு. பிள்ளைகட்குப் புத்தகமும் நண்பகல் உணவும் விலையில்லை. ஆனால் 1991-92 ஆம் கல்வியாண்டு முதல் புதிதாகத் தொடங்கும் பள்ளிகட்குத் தமிழ்நாட்டில் இவ்வுதவி இல்லையாயிற்று. ஆகவே பின்னெழுந்த ஆங்கிலவழிப் பள்ளிகள் பெற்றோர் தரும் கட்டணத்தையே நம்பி நின்றன.

2020 மார்ச்சில் பாடசாலைகள் அடைபட்டன. 25 ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு வந்தது. மின்தொடர் வண்டி நின்றமையால் கொரட்டூர் நிலையம் வெறிச்சோடிற்று. மே மாதம் கோயம்பேட்டு அங்காடியில் நோய் பெருகவே, அது பூந்தமல்லியை அடுத்த திருமழிசைக்கு மாற்றப்பெற்றது. ஜூன் 9 இல் பத்தாம் வகுப்புத் தேர்வு கைவிடப்பட்டு, யாவரும் தேறினராக அறிவிக்கப்பெற்றனர்.

கட்டணப் பள்ளிகள் ஜூம், கூகுள் மீட் முதலியவற்றின் வழியே பாடம் நடத்தத் தலைப்பட்டன. எட்டாம் வகுப்பு வரையுள்ளார்க்கு நாளொன்றில் முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம் கொண்ட இரு பாடவேளைக்கு மேல் கூடாதென்று மத்திய அரசினர் அவ்வாண்டு ஜூலையில் நெறி வகுத்தனர். செல்பேசியோ பல வீடுகளில் ஒன்றே. தந்தை அதனை எடுத்துக்கொண்டு அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கு வேலைக்குச் சென்றால் பிள்ளைக்கு வகுப்பு ஏது? உதவி பெறும் பள்ளியின் பிள்ளைகட்குப் பெருந்துணையாயது கல்வித் தொலைக்காட்சி. அவர்க்குரிய அரிசியும் பருப்பும் பள்ளியிலேயே வழங்கப்பெற்றன. அவ்வாறு வழங்கும் நாளே உபாத்தியாயர் பெற்றோரைக் கண்டு பேசும் நாளாகவும் அமைந்தது; என் கருத்தில் அவ்வாண்டு நிகழ்ந்த மெய்யான வகுப்பு அதுதான்.

பாடம் கேட்டல் என்பது நம் வழக்கு. கேள்வி என்னுஞ் சொல்லோ செவியாற் கேட்டலையும் வினாவுதலையும் ஒருங்கே குறிக்கும். தொலைக்காட்சி முதலாவதற்கு இடந்தந்தது, இரண்டாவதற்கு இல்லை.

ஊதியத்திலே வேறுபாடு கடுமையாயிற்று. உதவி பெறும் பள்ளியின் உபாத்தியாயர் வழக்கம்போல் ஊதியம் பெற்றனர். உதவி பெறாத தனியார் பள்ளிகள் முந்தைய ஆண்டுக் கல்விக் கட்டணத்தில் நூற்றுக்கு 40 பங்கை ஆகஸ்டு 31-க்குள் பெறலாம் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2020 ஜூலை 17 இல் ஆணையிட்டது. வேலையிழந்த பெற்றோர்க்கு அதுவும் அரிதாயிற்று. கட்டணம் வாராதொழியவே, அத்தகைய பள்ளிகள் பலவற்றில் உபாத்தியாயினிமார் பாதி ஊதியத்திற்கு வீட்டிலிருந்தே, தம் செலவில் இணையம் வாங்கிக் கற்பித்தனர். பிள்ளைகள் பலர் கட்டணமில்லாப் பள்ளிகட்கு மாறினர். மடத்தாரைக் குறை கூறுவாரும் உளர். கொடுக்கும் கையே வெறுங்கையானபோது அவர் செய்வது யாது?

2021 ஜனவரி 19 இல் பத்து, பன்னிரண்டாம் வகுப்புகள் திறக்கப்பெற்றன. ஓரறையில் இருபத்தைவர்க்கு மேல் இருத்தலாகாது. பெற்றோர் ஒப்புதல் எழுதித் தரல் வேண்டும். சத்து மாத்திரையும் வழங்கப்பெறும் என்பன விதிகள். பிப்ரவரி 8 இல் ஒன்பது, பதினொன்றாம் வகுப்புகளும் தொடங்கின. ஆயினும் மார்ச்சு 22 இல் பன்னிரண்டாம் வகுப்பு ஒழிந்த ஏனையவை மீண்டும் அடைபட்டன. இரண்டாம் அலை தணிந்தபின் செப்டம்பர் 1 இல் ஒன்பது முதல் பன்னிரண்டு வரையும், நவம்பர் 1 இல் சிறுவர் வகுப்புகளும் திறக்கப்பெற்றன. 2022 ஜனவரியில் ஒமைக்ரான் வரவால் மற்றுமொருமுறை அடைத்து, பிப்ரவரி 1 இல் திறந்தனர்.

2020 இல் முதல் வகுப்பிற் சேர்ந்த குழவி, வகுப்பறையின் பலகையை முதன்முதற் கண்டது 2021 நவம்பரில், இரண்டாம் வகுப்பில். உபாத்தியாயினியின் முகத்தை அன்றும் அது முழுமையாகக் காணவில்லை. முகக்கவசத்திற்கு மேலுள்ள கண்களையே கண்டது. எழுத்துக்களை அகரத்தினின்று மறுபடியும் தொடங்குமாறு இரண்டாம் வகுப்பு உபாத்தியாயினிமார் பலர்க்கு நேர்ந்தது. உதவி பெறும் பள்ளியிலும் கட்டணப் பள்ளியிலும் அது மட்டும் ஒத்திருந்தது.